அனுப்பினால் வராதீர்கள்

அட்டுவம்பட்டி,
ஜனவரி 18

அன்பு மச்சானுக்கு ரோகிணி எழுதுவது. நானும் உங்கள் அப்பாவும் சுகம். அடிபட்ட தோள் இந்நேரம் உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் மாமாவின் காது இந்த அறைக்குள்தான் இருக்கிறது. நேற்று நீங்கள், “டிக்கெட் போட்டுரட்டுமா?” என்று கேட்டதும் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும். இந்தக் கடிதம் கைக்கு வரும்வரை டிக்கெட் போட வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பியதன் காரணம் இதுதான்.

இங்கே உறைபனி. பின்பக்கம் போட்ட பீன்ஸ் கருகிவிட்டது. காட்டுமாடு வந்து வேலியைச் சாய்த்துவிட்டுப் போனது. நானும் மாமாவும் மறுபடி கட்டிவிட்டோம். கம்பளி இரண்டையும் நானே போர்த்திக்கொள்கிறேன், அதனால் குளிர் ஒன்றும் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ரக்பி கிளப் மேனேஜர், ஊருக்குப் போய் ஓய்வெடு, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றாராம். மச்சான், அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். காட்டேஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்துகொண்டு, வேலை கேட்டு வருகிறவர்களிடம் நானும் அதைத்தான் சொல்கிறேன். ஒருவரைக்கூட இதுவரை கூப்பிட்டதில்லை. டாக்டர் ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்றுதானே சொன்னார்? சீசன் முடியும்வரை ஒப்பந்தம் இருக்கிறதுதானே? இரண்டாம் அணியோடு ஓடச் சொன்னால் ஓடுங்கள். தண்ணீர் பாட்டில் தூக்கச் சொன்னால் தூக்குங்கள். மைதானத்தை விட்டு மட்டும் நகராதீர்கள். போனவருக்கு இடமில்லை. கண்ணெதிரே நிற்கிறவரைத்தான் ஒருநாள் ஆட்டத்தில் இறக்கிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுவேல் சித்தப்பா வந்திருந்தார். அடிபட்ட செய்தி பண்ணைக்காடு வரைக்கும் போயிருக்கிறது. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். “ஏம்மா, பந்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுறதெல்லாம் ஒரு சோலியா? கை வெளங்காமப் போச்சுன்னா யாரு பாக்குறது? வெரசா வரச் சொல்லு. நம்ம ரிசார்ட்டுல டூரிஸ்டுகள மலையேத்திக் கூட்டிட்டுப் போற வேலை சும்மா கெடக்கு” என்றார்.

நான், “அவரு வெளையாடப் போகல சித்தப்பா, வேலைக்குப் போயிருக்காரு. வேலைல அடிபடுறவுக எல்லாரும் வேலைய விட்டுட்டா வாராக?” என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாமாவிடம் திரும்பி, “பாத்தியா அண்ணே, புள்ள பேசுற பேச்ச? அந்த நாடு நமக்கு ஆகாதுன்னு நீதான மொதல்ல சொன்ன?” என்றார்.

நீங்கள் கண்டி கிளப்பில் கையெழுத்துப் போட்டபோது மாமா ஒரு மாதம் நம்மிடம் பேசவில்லை, நினைவிருக்கிறதா? இலங்கையில் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தைப் பற்றி நம்மிடம் அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. சித்தப்பா வந்த அன்றைக்குத் திறந்தார்.

“ஆமா, நாந்தான் சொன்னேன். எங்கள லயத்து வீட்டவிட்டு எறக்கி, ரயில்ல ஏத்தி, கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க. எனக்கு அப்ப ஒம்போது வயசு. எங்கப்பாகூட ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. இவன யாரும் புடிச்சு ஏத்தல. இவனாப் போனான். இப்ப போன்னு சொன்னதும் கெளம்பிரணுமா? ஏன் கெளம்பணும்?”

சித்தப்பா காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டாயில் விறகு அடுக்கப் போனார். அடுக்கியிருந்த விறகையே கலைத்து மறுபடி அடுக்கினார்.

அதனால் சொல்கிறேன். இங்கே யாரும் உங்களை நினைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. அவர்கள் அனுப்பினால் வராதீர்கள்.

உங்கள்
ரோகிணி


அட்டுவம்பட்டி,
மார்ச் 9

அன்பு மச்சானுக்கு,

ஆட்டத்தைப் பார்த்தோம். காட்டேஜ் வைஃபை நன்றாக இருக்கும் என்று மாமாவை அங்கேயே கூட்டிப் போய்விட்டேன். கடைசி நேரத்தில் உங்களை இறக்கினார்களே, அப்போது நான் திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெரிய ஆள் பந்தோடு வந்தபோது அதே தோளைக் கொடுத்து அவனைச் சாய்த்தீர்களாம். மாமா போட்ட சத்தத்தில் மேல்மாடி கெஸ்ட் இறங்கி வந்துவிட்டார்கள். அணி தோற்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். மாமா காதில் விழவில்லை. அடுத்த வருடத்துக்கும் உங்களை வைத்துக்கொள்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் மாமா பண்ணைக்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். சித்தப்பாவிடம் நேரில் சொல்ல வேண்டுமாம்.

இன்னொரு செய்தி. உங்களைப் பார்க்க வருவதற்காக மாமா பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, “என்ன பெரியவரே, சிலோன் கேஸா?” என்றார். இதே கேள்விக்கு ரேஷன் கடையில் தலையைக் குனிந்துகொள்கிற மனிதர் இவர். அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து, “கேஸு இல்ல சார். கண்டி. எம்மகன் அங்க வெளையாடுறான்” என்றார். தெருவுக்கே கேட்டது. போலீஸ்காரர் எந்த விளையாட்டு என்று கேட்டுவிட்டார். அப்புறம் மாமா சொல்லி முடித்து அவர் கிளம்ப வெகுநேரமாகிவிட்டது.

இங்கே டூரிஸ்ட் சீசன் நெருங்குகிறது. காட்டேஜ் நிரம்பப்போகிறது. எனக்கு லீவு கிடைக்காது. மாமா மட்டும்தான் வருகிறார். தோட்டம் எந்தப் பக்கம் என்று அவராகக் கேட்கமாட்டார், நீங்களே கூட்டிப் போங்கள். லயம் இப்போது இருக்கிறதோ இல்லையோ, அவர் எவ்வளவு நேரம் நின்றாலும் அவசரப்படுத்தாதீர்கள். வெள்ளனே எழுந்துவிடுவார், பசிக்கிறது என்று சொல்லமாட்டார். தோளுக்குச் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊர் பார்த்து முடிந்ததும் மாமாவைத் தனியாக விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடவே வாருங்கள்.

உங்கள்
ரோகிணி