ஃபிரிட்ஜ் ஓடுகிறதா?

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் இந்த முறை கேட்கவில்லை. போனில் பேச்சை எடுத்தாலும் “குக்கர் விசில் அடிக்குதுடா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் விசில் அடிக்காது. உட்கார்ந்து படி.

எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலையில்தான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன்.

மாநிலத்தில் எத்தனை குழந்தைகள் வறுமையில் இருக்கிறார்கள் என்று எங்கள் அலுவலகம் மதிப்பிடுகிறது. எல்லா வீட்டுக்கும் போக முடியாது. ஆறாயிரம் வீட்டில் கேட்டு, அதை வைத்து மாநிலத்துக்கே கணக்குப் போடுவோம். ஒரு வீடு ஆயிரத்துச் சொச்சம் வீடுகளுக்காகப் பேசும்.

வந்த விடைகளில் பொருந்தாததைக் கழிப்பது என் வேலை. வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் பட்டினியாகப் படுத்தார்கள் என்று ஒரே வீட்டில் சொன்னால், இரண்டில் ஒன்று பொய் என்று விதி எழுதினேன். 214 வீடு போயிற்று. குழந்தை வறுமை 17.9 சதவீதம் என்று வந்தது. போன முறை 18.6. இயக்குநர் என் முதுகில் தட்டிவிட்டு, குறைந்துவிட்டது என்று மேலேயும் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள், வீடு வீடாகப் போய் எழுதி வருகிற அம்மா ஒருவர் குடையை மடக்காமலே என் மேசைக்கு வந்தார். “ஏன் தம்பி, ஃபிரிட்ஜ் இருக்கான்னு கேக்கச் சொன்னீங்க. ஓடுதான்னு கேக்கச் சொன்னீங்களா?” என்றார். அவர் போன ஒரு வீட்டில் ஃபிரிட்ஜுக்குள் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் அடுக்கியிருந்தனவாம். எலி கடிக்காதாம். எந்த வீடு, எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. “கம்ப்யூட்டர்ல தேடினா பசி தெரியாதுப்பா” என்று போகிற போக்கில் ஒரு குத்து வேறு.

214 வீட்டையும் திரும்ப விசாரித்தோம். 131 வீட்டில் ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி. அவற்றைச் சேர்த்ததும் 19.7. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு, “இப்ப ஏறிடுச்சுன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?” என்றார். இருக்கிற மூஞ்சியை வைத்துத்தான் என்றேன். ஒரு வாரம் கோப்பைத் தள்ளித் தள்ளி வைத்தார். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதோடு அலுவலகக் கதை முடிந்தது.

அக்கா, போன மாதம் வீடியோவில் பேசும்போது உன் பின்னால் சின்னவள் ஃபிரிட்ஜைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்தாள். வீட்டுப்பாடம் ஊசிப்போகாமல் இருக்கவா என்று நான் கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய்.

வேலை போன மாமாவுக்கு வேறு வேலை கிடைத்ததா என்று மூன்று மாதமாக நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கோப்பைத் திறந்து தேடினால், அந்த அம்மா சொன்ன வீடு உன்னுடையதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தேடவில்லை. விடை சொன்னவர்களைத் தேடிப் போகக் கூடாது என்பது ஒன்று. நீ சொல்லி எனக்குத் தெரிய வேண்டும் என்பது இன்னொன்று.

எங்கள் கேள்வித்தாளில் பதினோராவது கேள்வி நான் எழுதியது. பிள்ளைகளுக்குப் போதாது என்று பெரியவர்கள் சாப்பிடாமல் இருந்தது உண்டா? எழுதும்போது எனக்கு யார் முகமும் நினைவுக்கு வரவில்லை. நான் வரும்போதெல்லாம் பரிமாறிவிட்டு, “நீங்க சாப்பிடுங்க, நான் அப்பவே சாப்பிட்டாச்சு” என்பாய். நானும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அரிசி, பருப்பு, காய் எல்லாம் நானே வாங்கி வருகிறேன். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி எதுவும் சமைத்து வைக்காதே. ஃபிரிட்ஜ் பார்க்க ஆள் கூட்டி வரட்டுமா, வேண்டாமா என்று மட்டும் ஒரு வரி எழுது. அது போதும், எனக்குப் புரிந்துவிடும். கோபப்படாதே.

பிள்ளைகள் இரண்டும் நன்றாக இருக்க வேண்டும். தட்டு ஐந்து எடுத்து வை. மாமா, பிள்ளைகள், நான், நீ. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

உன் தம்பி