மரப்பாதையில் ஒரு விரல்

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

குப்பைமேடாகக் கிடந்த ஏரியைச் சீர்செய்து, குடும்பங்கள் நடக்க மரப்பாதை போட்டோமே, அங்கேதான் இன்னமும் உடைந்த பலகைகளை மாற்றுகிறேன். நேற்று ஒரு கூத்து. நாரையைப் பார்த்துக்கொண்டே வந்த குட்டிப்பெண் ஒருத்தி, அப்பா என்று நினைத்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். உதற மனசு வரவில்லை. வாயைத் திறக்காமல் வளைவுவரை கூடவே நடந்தேன். நிமிர்ந்து பார்த்தவள், "நீ எங்கப்பா இல்ல!" என்று வீறிட்டாள். அவள் அப்பா சிரித்துவிட்டார். மேஸ்திரிதான் கத்தினார்.

இந்த வருஷமும் லீவு இல்லையாம். பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்கவேண்டும். போன வருஷம் வாங்கியது என் பெட்டியிலேயே கிடக்கிறது, இனி அவளுக்குப் பத்தாது.

வண்டி வந்துவிட்டது. பாதத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வரை.

உன் வீட்டுக்காரன்