லுஹர் வரைக்கும் அரை நோன்பு

என் உயிர் ராத்தாவுக்கு,

நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடி மதிலோரம் போகும்போதெல்லாம் உங்களுக்குச் சொல்லும் ஸலாமை இன்றைக்குக் கடிதத்திலும் சொல்கிறேன். முஹர்ரம் பிறை கண்டாயிற்று. புது வருசம். வருசா வருசம் போல, வெற்றிலையை விடப்போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரியவில்லை. பயந்துபோய் இருக்கிறேன்.

உங்களுக்கு வந்த இடத்திலேயே எனக்கும் வந்திருக்கிறது ராத்தா. கன்னத்தின் உட்பக்கம், வெள்ளையாக, சுரசுரவென்று. மூன்று மாதமாக நாக்கால் தடவித் தடவிப் பார்க்கிறேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

நீங்கள் அன்றைக்குப் புண்ணைக் காட்டி, "ஆருக்கிட்டயும் சொல்லிராதகா, மகள்ட கலியாணம் முடியட்டும்" என்றீர்கள். நானும் சரியென்று வெற்றிலை மடித்துத் தந்தேன். ஊர்க்கதையெல்லாம் கதைக்கிற நான் அதை மட்டும் ஏன் கதைக்கவில்லை? கலியாணத்துக்குப் பிறகு டாக்டரிடம் போனபோது, பிந்திவிட்டது என்றார். அடுத்த நோன்புக்கு நீங்கள் இல்லை.

நேற்று உங்கள் மகள் றிஸ்னா வந்தாள். நான் கொட்டாவி விட்டதில் கண்டுவிட்டாள்.

"வாயத் திறங்க சாச்சி."

"ஒண்டுமில்ல புள்ள, சுண்ணாம்பு சுட்டது."

"உம்மாவும் இதத்தான் சொன்ன."

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"வியாழக்கிழமை கிளினிக்குக்கு வாறீங்க. வெத்திலையையும் விடுறீங்க."

"இண்டையோட தலைமுழுகிட்டன். அல்லாஹ்மேல..."

"ஆணையிடாதீங்க! போன வருசம் ஆணையிட்டுப்போட்டு அண்டைக்குப் பின்னேரம் அஸருக்கு முன்னயே மெண்ட ஆள் நீங்க. நோன்புக்கு மட்டும் எப்பிடி இரிக்கீங்க?"

"அது நோன்பு. விளையாட்டா?"

"சின்னப் புள்ளையள் மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் அரை நோன்பு பிடிக்கிறல்லியா? நீங்களும் அப்பிடிப் பிடிங்க. லுஹர் வரைக்கும் மெல்லாதீங்க. அது சரிவந்தா அஸர் வரைக்கும் பாப்பம்."

ஐம்பத்தாறு வயதில் அரை நோன்பு! சிரித்தேன். சிரிக்கவே கன்னம் எரிந்தது.

இன்று விடியற்காலை சுபஹு தொழுததும் வெற்றிலை வட்டாவை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். இப்போது பத்தரை. கண் அங்கேதான் போகிறது. கைக்கு ஒரு வேலை வேண்டுமென்றுதான் இதை எழுதுகிறேன். வியாழக்கிழமை என்ன சொல்வார்களோ? உங்களுக்குச் சொன்னதையா?

பெரிய வாக்கு எதுவும் தரமாட்டேன் ராத்தா. டாக்டர் கேட்குமுன்னே மூன்று மாதம் என்ற உண்மையைச் சொல்லிவிடுவேன். இன்றைக்குப் பள்ளியில் லுஹர் வாங்கு கேட்கும்வரை மெல்லமாட்டேன். நாளையை நாளைக்குப் பார்ப்பேன், இன்ஷா அல்லாஹ். எனக்காக நீங்கள் கேட்க முடியாது. உங்களுக்காக நான் துஆ கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு வெற்றிலை மடித்துத் தந்த தங்கச்சி