நீல அட்டையா, சிவப்பு அட்டையா: ஆல்பர்ட்டாவில் இருக்கும் என் மகள் மலர்விழி குறித்து

அனுப்புநர்:
சின்னையா த/பெ அங்கமுத்து,
பண்டமாரான் அடுக்குமாடிக் குடியிருப்பு,
கிள்ளான், சிலாங்கூர்.

பெறுநர்:
உயர் ஆணையர் அவர்கள்,
கனடா நாட்டுத் தூதரகம்,
கோலாலம்பூர்.

பொருள்: ஆல்பர்ட்டா மாகாணம் கனடாவை விட்டுப் பிரிந்துவிடுமோ என்று நான் பயந்ததால் என் மகள் குடியுரிமைச் சத்தியப் பிரமாணத்துக்குப் போகாமல் நின்றுவிட்டது, அவளுக்கு இன்னொரு நாளும் எனக்கு ஒரு பதிலும் வேண்டி.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். அந்த நாற்காலியில் இப்போது யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எனக்கு எழுதப் படிக்க வராது. அடுத்த வீட்டு உர்சுலா, பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். இது தூதரகத்து வேலை இல்லை, கனடாவிலேயே அதற்கு வேறு இலாகா இருக்கிறது என்று அவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் பஸ் ஏறிப் போய் நான் நிற்கக்கூடிய தூரத்தில், கனடாவுக்கு என்று உள்ள கதவு உங்களுடையது ஒன்றுதான்.

1. மலர்விழி என் ஒரே மகள். எட்மன்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறாள். மருமகன் கிஷன் அங்கே லோரி பழுது பார்க்கிறார். பேத்தி ஷாமினி அங்கேயே பிறந்தவள். கிஷன் போன வருடமே கனடாக் குடிமகன் ஆகிவிட்டார். மலர்விழிக்குத் தைப்பூசம் கழிந்து நாள் கொடுத்தார்கள். அவள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது கேட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் தக்க காரணம் சொல்லாவிட்டால், விண்ணப்பத்தையே அவள் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்களாம்.

2. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இந்த மனு. ஆல்பர்ட்டாவைத் தனி நாடாக்கக் கேட்டு மக்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் என்ற செய்தியை நான் முதலில் கேட்டது சாப்பாட்டுக் கடையில். துறைமுகத்தில் என்னோடு மூட்டை இறக்கிய இராமலிங்கம்தான் சொன்னார். அவருக்கு எல்லாமே வேடிக்கை. "வெள்ளைக்கார ராஜாவ நாம அம்பத்தேழுல சுதந்திரம் வாங்கினப்பவே அனுப்பி வச்சாச்சு. உம்ம மக அங்க போய் அதே ராஜாவுக்குச் சத்தியம் பண்ணப் போறா. இப்ப அந்த ஊரும் புட்டுக்கிச்சுன்னா எந்த ராஜாவுக்குப் பண்ணுவாளாம்?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நான் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

3. அந்த ஞாயிற்றுக்கிழமை மலர்விழி வழக்கம்போல் கூப்பிட்டாள். விசாரித்தேன். "ஆமாம்பா, நம்ம தெருவுல பாதி வீடு நீலம், பாதி வீடு சிவப்பு. நான் சிவப்புதான்" என்று சிரித்தாள். ஐயா, அவள் சொன்னது கொடியை. மாகாணத்துக் கொடி நீலம், கனடாக் கொடி சிவப்பு என்பதையும், நீலம் கட்டியவர் எல்லாரும் பிரிவினை கேட்பவர் அல்லர் என்பதையும் உர்சுலா பிற்பாடு எனக்கு விளக்கினார். என் காதில் விழுந்தது வேறு. எங்கள் நாட்டில் ஐசி என்னும் அடையாள அட்டை நீலமாக இருந்தால் குடிமகன். சிவப்பாக இருந்தால் இங்கே தங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். தெருவைப் பாதியாகப் பிரித்துப் பாதிப் பேருக்கு நீலமும் மீதிப் பேருக்குச் சிவப்பும் கொடுத்துவிட்டார்கள், என் பிள்ளை கையில் சிவப்பு விழுந்துவிட்டது என்றே நான் புரிந்துகொண்டேன். "சிவப்பு வேணாம்மா, நீலத்த மட்டும் விட்டுடாதம்மா, அப்பா பட்டது போதும்" என்று அழுதுவிட்டேன்.

4. அவளும் வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். அவள் இங்கே பிறப்புப் பத்திரத்தோடு பிறந்தவள், அவளுடைய மலேசிய ஐசி நீலம். இரண்டு நாட்டுக் குடியுரிமையை இந்த நாடு அனுமதிப்பதில்லை. கனடாவுக்குச் சத்தியம் செய்தால் அந்த நீலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் விடாதே என்று அப்பா கெஞ்சுகிறார் என்று நினைத்துவிட்டாள். நாளும் வந்தது, வேலைக்குப் போய்விட்டாள். ஏனம்மா போகவில்லை என்று பிறகு கேட்டால், "நீங்கதானப்பா நீலத்த விடாதன்னு அழுதீங்க" என்கிறாள். வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேர் கனடாக்காரர், அவள் ஒருத்தி மட்டும் வாசற்படியில் நிற்பவள் போல் நிற்கிறாள். இப்போதும் "நீங்க சொன்னா போறேன்பா" என்றுதான் சொல்கிறாள். எனக்கு அந்தச் சொல் வாயில் வர மாட்டேன் என்கிறது.

5. அந்தச் சொல் ஏன் வாயில் வரவில்லை என்று தாங்கள் கேட்கலாம். நான் பந்திங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன், சுதந்திரத்துக்கு முன்னால். பிறப்புப் பத்திரம் இல்லை. இன்றுவரை என் ஐசி சிவப்பு. குடியுரிமை கேட்டு நேர்காணலுக்குப் போனபோது ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எனக்குத்தான் எந்த மொழியும் வாசிக்க வராதே. ஓட்டு இல்லை. பாஸ்போர்ட் இல்லை, ஆகையால் பேத்தியைப் போய்ப் பார்க்கவும் வழி இல்லை. அறுபத்தொன்பதில் சிவப்புக்காரர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். சமைத்த சட்டியைக்கூடக் கழுவிக் கொண்டு போகவில்லை. கவுண்டரில் என் அட்டையைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் முகம் மாறும் பாருங்கள், அதை என் மகள் முன்னால் யாரும் செய்துவிடக் கூடாது.

6. நாடு பிரிவது எப்படி இருக்கும் என்பதையும் பார்த்தவன் நான். அறுபத்தைந்தில் சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்தபோது என் அக்கா குமுதா அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பா பயந்துபோய்த் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாரிடம் கேட்டார். அவர் படித்தவர், தெரிந்தவர். "ஒன்னும் ஆகாது அங்கமுத்து, சிங்கப்பூருக்குப் போற பாலம் அப்படியேதான இருக்கு" என்றார். உண்மைதான், உடனே ஒன்றும் ஆகவில்லை. ரயில் ஓடியது, அக்கா ஒரு தீபாவளிக்கு வந்துகூடப் போனாள். நாங்களும் பயத்தை மறந்துவிட்டோம். இரண்டு வருடம் போனதும் பாலத்தில் பாஸ்போர்ட் கேட்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்குப் பிரசவம் என்று அப்பா லேகியம் கிண்டி எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். ஜொகூரில் இருந்த அதிகாரி நல்ல மாதிரிதான், திட்டவில்லை. அப்பாவின் சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, அது இப்ப வேற நாடு லா" என்றார். லேகியத்தோடு திரும்பி வந்தோம். அக்காவுக்கும் அந்தப் பக்கம் குடியுரிமை இல்லை. அவளுக்கு ஒரு பாஸ்போர்ட் கிடைப்பதற்குள் அப்பா போய்விட்டார். முகம் பார்க்க அவளால் வர முடியவில்லை.

7. ஆகவே என் புகார் இதுதான். பிரிய வேண்டும் என்பவர்கள் எண்ணெய் என்கிறார்கள், வரி என்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள் வேறு கணக்குச் சொல்கிறார்கள். உர்சுலா கைத்தொலைபேசியில் தேடித் தேடி வாசித்துக் காட்டினார். ஒரு நாட்டை விட்டு இறங்கி இன்னொரு நாட்டில் இன்னும் ஏறாமல் நடுவில் நிற்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. அவள் இங்கே நீலத்தைக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குச் சத்தியம் செய்த பிறகு மாகாணம் போய்விட்டால், அவள் கனடாவா, ஆல்பர்ட்டாவா, ஒன்றுமே இல்லையா? உர்சுலா, "அங்கிள், அப்படியெல்லாம் ஒரு நாளில் நடக்காது" என்கிறார். கிராணியாரும் அப்படித்தான் சொன்னார்.

8. இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஊரே கொடி பிடித்துப் பிரிந்து நிற்கும் நேரத்தில் ஒருத்தி சத்தியத்துக்கு வரவில்லை என்றால், இவளும் நாட்டுக்கு எதிரான கட்சி என்று யாராவது குறித்துவைத்துவிடக் கூடும். அவள் எந்தக் கட்சியும் இல்லை ஐயா. வேலைவிட்டு வந்தால் படுத்துத் தூங்கவே நேரம் இல்லாதவள். கையெழுத்துக் கேட்டு வந்தவருக்கும் பனியில் நிற்கிறாரே என்று காப்பி கொடுத்து, கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இந்த மனுவைக் கொடுக்கிறேன். இதனாலேயே அவளுக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று நேற்றும் உர்சுலாவை எழுத வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். இன்றைக்கு நானே போய்க் கூப்பிட்டேன்.

ஆகையால் தங்களிடம் கேட்டுக்கொள்வது:

மலர்விழி வராமல் போனதற்குக் காரணம் அவள் தகப்பன் பயந்தது. வேறு காரணம் இல்லை. இதை உரிய இலாகாவுக்குத் தெரிவித்து, அவள் விண்ணப்பத்தை மூடிவிடாமல் சத்தியத்துக்கு இன்னொரு நாள் வாங்கித் தர வேண்டும்.

மாகாணம் பிரிந்தாலும் அவள் குடியுரிமை போகாது என்று தங்கள் முத்திரையோடு எனக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்றுதான் முதலில் சொன்னேன். அது வந்த பிறகே அவளைப் போகச் சொல்வது என்று இருந்தேன். உர்சுலா எழுதுவதை நிறுத்திவிட்டு, "அங்கிள், நாளைக்கு என்ன ஆகும்னு எந்த ஆபீசர் கையெழுத்துப் போடுவார்?" என்று கேட்டார். எங்கள் அப்பாவுக்கும் யாரும் போடவில்லை.

அதனால் என் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்போது, போய்விட்டு வா என்று சொல்லிவிடுகிறேன். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும், அதற்குத்தான் நாலு நாள் இருக்கிறது. நான் சொல்லி அவள் போய் நிற்கும்போது, உள்ளே கூப்பிட ஒருவர் இருக்கும்படி தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடம்: கிள்ளான்
நாள்: 11.03.2026

தங்கள் பணிவுள்ள,
சின்னையா த/பெ அங்கமுத்து
(இடது கைப் பெருவிரல் ரேகை)

சொல்லச் சொல்ல எழுதி, இருமுறை வாசித்துக் காட்டியவர்: உர்சுலா