பொறு என்று சொன்னது

வைகாசி 22, வியாழன் இரவு.

பேத்தி ஆரணி இன்று பின்னேரம் வந்து கேட்டாள். "அம்மம்மா, புது கேம் மெஷின் நாளைக்கு வருது. வாங்கட்டோ, பொறுக்கட்டோ? பழசைக் கடையிலை குடுத்தா புதுசுக்கு விலை குறைப்பினம்." இங்கே டென்மார்க்கில், எங்கள் ஊர் அல்பர்ட்ஸ்லுண்ட் பேக்கரியில் சனி ஞாயிறு நின்று அவளே உழைத்த காசு.

"பொறு பிள்ளை. புதுசிலை பிழை இருக்கும். நாலு சனம் வாங்கிப் பாக்கட்டும்" என்றேன்.

"ஓகே, நீங்க சொன்னாச் சரி." அந்த இடத்திலேயே போனில், போட்டு வைத்திருந்த ஓடரை நிறுத்திவிட்டாள். மருமகன் சிரித்தார். "மாமி சொன்னாத்தான் இவ கேப்பா. நாங்கள் ஆர்?" எனக்கு முகம் சுட்டது.

புதிதில் பிழை இருக்குமோ இல்லையோ, எனக்கு என்ன தெரியும்? அவள் பள்ளிக்கூடம் போனபின் அந்தப் பழைய மெஷினை எடுத்து விளையாடுவது நான்தான். ஒருவருக்கும் தெரியாது. "எந்நேரமும் உதுதானோ" என்று அவளை ஏசுவதும் நான்தான். பழையது கையை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில்தான் பொறு என்றேன். பிள்ளை நம்பிவிட்டாள்.

காலையில் அவள் சைக்கிளை எடுக்குமுன் வாங்கு என்று சொல்லவேண்டும். பழையதை எனக்குத் தா என்றும் கேட்கவேண்டும். மருமகன் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இல்லை, அவர் வேலைக்குப் போனபிறகு சொல்லுவோம்.