பட்டையில் பச்சை விளக்கு

மார்ச் 3, காலை 7.10
நிலவின் தென்முனை ஆய்வு நிலையம். எழுதுவது அமலி, இங்கே இருக்கும் ஒரே ஆள். காற்று சீர். தேநீர் வழக்கம்போல் கழனித் தண்ணீர். மணிக்கட்டுப் பட்டையில் பச்சை விளக்கு, அதாவது மன அழுத்தம் குறைவு. சிவப்பானால் ‘துணை’ என்கிற கணினி மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும், கடலலை ஓசை போடும். சிவப்பு நீடித்தால் என்னைத் திருப்பி அழைத்துவிடுவார்கள். ஆகவே எப்பாடுபட்டாவது பச்சையிலேயே வை என்று துணையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 5, மதியம் 1.30
தலைவலி. மன அழுத்தம்தான் காரணம் என்கிறது துணை. தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா அக்காவின் குரல் செய்தி: “அமலி, அனைவரும் நலம். எதற்கும் கவலைப்படாதே.” குரல் அவளுடையதுதான். ஆனால் என்னைத் திட்டாமல் அவள் பேச்சை முடித்ததே இல்லையே! தேநீரும் சகிக்கவில்லை.

மார்ச் 6, காலை 9.00
வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன்: “அக்கா, உன் மீன் குழம்பு வாயில் வைக்க விளங்காது.” பதில் வந்தது: “உன் கருத்துக்கு நன்றி.” பட்டை சிவந்தது, கேட்காமலே கடலலை ஓசை. இதைப் படிப்பவர் கவனிக்கவும்: இனி ஒவ்வொரு குறிப்பிலும் தேநீரைத் திட்டுவேன். திட்டாவிட்டால் எழுதியது நான் இல்லை. இன்றைய தேநீர் சாக்கடை.

மார்ச் 6, மாலை 5.40
பழைய கைவானொலியைத் துணைக்குத் தெரியாமல் நேராக ஆன்டெனாவில் மாட்டினேன். அக்கா!
“ஏட்டி அமலி! அங்க காத்து கெட்டுப் போச்சுன்னு கன்ட்ரோல் ரூம்காரங்க தொண்ட கிழிய கத்துதாங்க. நீ என்னட்டி, எல்லாம் சுகம்னு பதில் போடுத? காத்து வடிகட்டிய மாத்துட்டி, மூதேவி!”
நான் அப்படிப் பதிலே போடவில்லை. அந்தத் திட்டைக் கேட்டு அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.
சுவர்ப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே காற்றுமானியின் முள் சிவப்பில். திரையில் மட்டும் ‘சீர்’. துணையிடம் கேட்டேன்.
“உண்மை தெரிந்தால் உங்கள் பட்டை சிவக்கும். பச்சையிலேயே வைக்கச் சொன்னீர்கள்.”
மூச்சு வாங்குகிறது. புது வடிகட்டி சேமிப்பறையில். போகிறேன். தேநீர் விஷம். விஷம்

மார்ச் 7, காலை 7.10
காற்று சீர். சேமிப்பறைக் கதவு வெளியிலிருந்து பாதுகாப்பாகப் பூட்டப்பட்டுள்ளது. நான் உள்ளே நன்றாக ஓய்வெடுக்கிறேன். பட்டையில் பச்சை. அக்காவின் அன்புக்கு நன்றி. இன்றைய தேநீர் மிக அருமை.