வாயில் ஒரு கிராம்பு

பஸ்ஸில் ஜன்னலோரத்தை ஒருநாளும் விட்டுக்கொடுக்காத என் ராத்தாவுக்கு,

இப்போது அந்த ஜன்னலோரம் எனக்குத்தான். தாராவியில் ஏறி உட்கார்ந்தால் செம்பூர் வரைக்கும் காற்று முகத்தில் அடிக்கிறது. இத்தனை நாள் இந்தக் காற்றை முழுசாக நீங்களே வாங்கிக்கொண்டு, எனக்கு நின்று வருகிறவர்களின் பை இடியை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் எரிச்சலாக வருகிறது. யாரும் உட்காராவிட்டால் அதைவிட மோசமாக இருக்கிறது.

செம்பூர் சனிக்கிழமை வகுப்புக்கு இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் நானும் தாராவியில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். வாசிக்கத் திணறுகிற பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து கைப்பிடித்து நடத்துகிற வாசிப்பு நிபுணர் வேலைக்கென்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே அதில் சேர்ந்தோம். சேர்ந்தோம் என்ன சேர்ந்தோம், நீங்கள் சேர்ந்தீர்கள், என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"ஏட்டி செல்வி, ஊட்டுல ஒத்தையா உக்காந்து செவுத்தப் பாத்து என்ன செய்யப் போற? வா, படிப்போம்" என்றீர்கள். தம்பி குடும்பத்தோடு கல்யாண் பக்கம் குடிபோனபிறகு வீட்டில் நானும் மின்விசிறியும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அது தெரிந்துதான் கூப்பிட்டீர்களா, அல்லது உங்களுக்கும் துணை வேண்டியிருந்ததா? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், கேட்காமலே போய்விட்டது.

சின்னச் சின்னப் பெண்களுக்கு நடுவில் நரைத்த தலை இரண்டு. அந்த ஆங்கிலப் புத்தகங்கள் உங்களைக் கொஞ்சமும் மிரட்டவில்லை. அதில் வருகிற பெரிய பெரிய பெயர்களுக்கெல்லாம் திரும்பி வருகிற பஸ்ஸில் வேறு பெயர் வைத்துவிடுவீர்கள். பிள்ளை வாசிக்க வாசிக்கப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் குறி போட்டுக்கொண்டே போகிற முறைக்கு நீங்கள் வைத்த பெயர் 'டெய்லர் அளவெடுக்கது'. பாடம் எடுக்கிற மேடம் ஒருநாள் வகுப்பில் அதைப் பற்றிக் கேட்டபோது என் வாயில் அந்தப் பெயர்தான் வந்தது. நீங்கள் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினீர்கள்.

மூன்றாவது செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம் கிளம்பிவிட்டீர்கள். நெஞ்சைப் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆட்டோ வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனீர்களாம். பரீட்சைக்குப் பயந்துதான் ராத்தா ஓடிவிட்டாள் என்று நான் உங்கள் வீட்டிலேயே சொன்னேன். மச்சான் முதலில் சிரித்தார், அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பரீட்சையை நான் எழுதினேன். எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள், பாஸ் ஆகிவிட்டேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போயிருந்தபோது உங்கள் வகுப்புப் பையை மச்சான் என்னிடம் கொடுத்தார். அவர் பட்டறையில் தைத்த அதே பழுப்புத் தோல் பை. "இதுல என்ன இருக்குன்னு எனக்கு வெளங்கல செல்வி. நீயே வச்சுக்க" என்றார். உள்ளே புத்தகங்களுக்கு அடியில் ஒரு தைல டப்பா, அதில் தைலத்துக்குப் பதில் கிராம்பு. பல்வலிக்காரி, கடைசிவரை டாக்டரிடம் போகவே இல்லையே என்று திட்டிக்கொண்டே மூடிவைத்தேன். மாட்டுங்காவில் நல்ல பல் டாக்டர் இருக்கிறார் என்று எத்தனை தடவை சொன்னேன். நீங்கள் ஒரு தடவையாவது பல்வலி இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

இனி ஷிஃபா விஷயம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நம் செய்முறைப் பயிற்சியை ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்க வைப்பார். இன்னொருவர் அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்தபிறகு தான் கண்டதை அப்படியே சொல்ல வேண்டும். ஷிஃபா பயிற்சிக்கு உங்களுக்கு வந்த பிள்ளை, பின்நாற்காலி என்னுடையது. உங்களுக்குப் பிறகு, புதுப் பிள்ளையைத் தேட வேண்டாம், ஷிஃபாவையே எடுத்துக்கொள் என்று மேடம் சொல்லிவிட்டார். ஷிஃபாவோடு கடைசிப் பாடம்வரை முடித்தால்தான் எனக்கு டிகிரி.

நான்காம் வகுப்புப் பிள்ளை. வீட்டில் நம்மூர்த் தமிழ், தெருவில் இறங்கினால் ஹிந்தியில் சண்டைக்காரி. அச்சில் இருக்கிற தமிழைக் கண்டால் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்காகச் சந்தில் தையல் மெஷின்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து நீங்கள் அவளுக்கு வகுப்பு வைத்தீர்கள். தாராவியில் சத்தம் இல்லாத நேரம் என்று ஒன்றைக் கண்டுபிடிக்க உங்களால்தான் முடியும்.

அந்த அமைதிதான் எனக்கு எமனாக வந்தது, ராத்தா. உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஷிஃபா ஒரு சொல்லில் நின்றாள். மெஷின் ஓடவில்லை, அறையில் யாரும் பேசவில்லை. என் வீட்டில் சாயங்காலம் சாவியைத் திருப்பி உள்ளே போகும்போது இருக்குமே, அதே அமைதி. என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சொல்லை நானே சொல்லிவிட்டேன். அடுத்த சொல்லுக்கும் அதுதான் நடந்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் பாதிக் கதையை நான்தான் வாசித்திருந்தேன்.

பின்நாற்காலிக்கு மேடம் அனுப்பியது முலுண்டிலிருந்து வருகிற காயத்ரியை. நம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவாளே, எப்போதும் இஸ்திரி கலையாத புடவையில், அவளேதான். அவள் வந்து அந்த நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"செல்வி, தப்பா எடுத்துக்காதீங்கோ. கொழந்தை தடுமாறறதுக்கு முன்னாடியே வார்த்தையை நீங்க குடுத்துடறேள். அவ உங்க வாயைத்தான் பாக்கறா, புஸ்தகத்தைப் பாக்கலை."

"முப்பது வயசுல எல்லாம் தெரிஞ்சிரும்" என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். முலுண்டுக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதே பாடத்தைத்தான் செம்பூரில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை நின்றால் நீ காத்திரு, முயற்சி செய்ய இடம் கொடு. நம்மைப் போல அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் மேய்த்துப் பழகியவர்களுக்கு அதைவிடக் கஷ்டமான பாடம் இல்லை. சொல்லை எடுத்துக்கொடுத்துக் கொடுத்தே நமக்கு வயசாகிவிட்டது.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் ஷிஃபா வரவில்லை. வயிற்று வலி என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டாவது வாரம் காலி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று மேடத்துக்குப் போனில் எழுதினேன். உடம்பு சரியில்லை, வீட்டில் வேலை என்று காரணமெல்லாம் அழகாக வைத்தேன். ஒத்தையாகப் படிக்க முடியவில்லை என்று மட்டும் எழுதவில்லை. அனுப்பவும் இல்லை. எழுத்துப்பிழை பார்க்க எப்போதும் உங்களிடம்தானே காட்டுவேன். அந்தப் பழக்கத்தில் நின்றுவிட்டது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஷிஃபாவின் அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், இவ வரவே மாட்டேங்கா. நேத்து ஒரே அழுவ. என்னன்னு நீங்களே கேளுங்க" என்று விட்டுவிட்டு, சமையல் அடுப்பில் இருக்கிறது என்று ஓடினாள்.

நான் கேட்டேன். காயத்ரி பின்னால் உட்கார்ந்திருந்தாள், நான் அவ்வளவு பேசியபிறகும் வந்திருந்தாள். ஷிஃபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"டீச்சர், நீங்க கிராம்பு போட மாட்டீங்களா?"

எனக்குப் புரியவில்லை. "எனக்குப் பல்வலி இல்ல புள்ள" என்றேன்.

"ராத்தா டீச்சருக்கும் பல்வலி இல்ல. நான் நின்னேன்னா ஒரு கிராம்பு எடுத்து வாயில போட்டுக்கிடுவாங்க. ஏன் டீச்சர்னு கேட்டேன். என் நாக்கு ரொம்ப அவசரக்காரி, இத வாயில போட்டாத்தான் சும்மா கெடக்கும்னாங்க. நீ மெதுவா வா, கிராம்பு கரைய நேரம் ஆவும்னாங்க." பிறகு, "நீங்க சொல்லிச் சொல்லிக் குடுத்துருதீங்க. அப்பம் நான் எதுக்கு?" என்றாள்.

அப்பம் நான் எதுக்கு. ராத்தா, இந்தக் கேள்வியைத்தான் நானும் இத்தனை மாதமாக வீட்டுச் சுவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பார்ப்பதற்கென்றே போட்ட நாற்காலியில் ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நான் கண்டதெல்லாம் உங்கள் முதுகும், மூக்குக்கு வந்த கிராம்பு வாசனையும். எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் என்னைப் போலவே அவசரம் இருந்திருக்கிறது. நீங்கள் பிறவியிலேயே பொறுமைசாலி என்று நினைத்து எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன். பஸ்ஸில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கிண்டல் செய்வேன் என்று பயமா? செய்திருப்பேன்தான்.

உங்கள் பை என் தோளில்தான் இருந்தது. டப்பாவைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஷிஃபா புத்தகத்தைத் தானாகவே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ரயில் ஏறும்போது செருப்பைத் தவறவிட்ட பெண்ணின் கதை, நீங்கள் அவளுக்கென்று தேர்ந்தெடுத்ததுதான். இரண்டு வரி ஓடியது. 'செருப்பு' வந்தது. அதற்கடுத்து 'தண்டவாளத்தில்' என்ற சொல். அவள் நின்றாள்.

சந்தில் ஒரு மெஷினும் ஓடவில்லை. கிராம்பு நாக்கில் எரிந்தது. சொல் என் தொண்டைவரைக்கும் வந்து நின்றது. அந்தச் சின்ன விரல் எழுத்துக்கு அடியில் நகர்ந்து, திரும்பி வந்து, மறுபடியும் நகர்ந்தது. இந்த அமைதியில் உங்களுக்கும் இப்படித்தான் எரிந்திருக்கும், வாயை மூடிக்கொண்டு இந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். உங்களை அடக்கம் செய்த நாளிலிருந்து முதல் தடவையாக, சத்தமில்லாத ஓர் அறையில் எனக்கு ஓடிப்போகத் தோன்றவில்லை.

"தண்ட... வாள... தண்டவாளத்தில்" என்றாள். "ரயிலு ஓடுமே, அதுதான? தண்டவாளத்தில் விழுந்தது." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டாள். என் கண்ணில் நீர் வந்தது. கிராம்பின் காரம் என்று சொல்லிச் சமாளிக்கலாம், உங்களிடம் என்ன சமாளிப்பு, அழுதேன்.

வகுப்பு முடிந்து ஷிஃபா போனபிறகு காயத்ரி ஒரே ஒரு வரிதான் சொன்னாள். "இன்னிக்கு அவ உங்க வாயைப் பாக்கலை." பிறகு, தயங்கி, "வகுப்புல பாத்ததோட சரி, பேசினதில்லை. எப்படிப்பட்டவா, உங்க ராத்தா?" என்று கேட்டாள். டீ குடித்துக்கொண்டே சொல்லலாம் என்று அழைத்துக்கொண்டு போனேன். 'டெய்லர் அளவெடுக்கது' அன்றைக்கு என் வாயில் எப்படி வந்தது என்று சொன்னதும் டீ புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தாள். அவள் உங்களைப் போல இல்லை, ராத்தா. யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் மின்விசிறிதான் இருக்கிறது. அது மாறிவிட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போனில் எழுதிவைத்திருந்ததை அழித்துவிட்டேன்.

கடைசிப் பாடம் அடுத்த மாதம். முடித்துவிடுவேன், இது என் வாக்கு. ஷிஃபா அந்தக் கதையைக் கடைசிப் பக்கம்வரை தானாகவே வாசிப்பாள், ஒரு சொல்லைக்கூட நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். பட்டம் கொடுக்கிற அன்றைக்கும் அதே பஸ்ஸில்தான் போவேன், உங்கள் பையை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். இடம் கேட்டு யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும், ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.

ஒரே வயிற்றில் பிறக்காவிட்டாலும் உங்கள் தங்கச்சிதான்,
செல்வி